உபயக் கணினி

கண்டி கட்டுக்கலையில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது மத்திய மலைநாட்டுத் தமிழர் மறுமலர்ச்சி மன்றம். ஏறிப்போகப் பதினெட்டுப் படிகள். ஒவ்வொரு படியிலும் அதைக் கட்டிக்கொடுத்த உபயகாரரின் பெயர் பொறித்திருக்கும். ஏழாவது படி செயலாளர் ராஜலிங்கத்தினுடையது. தன் பெயரைத் தானே மிதிக்கலாகாது என்று அவர் ஆறாவதிலிருந்து எட்டாவதுக்குத் தாவுவார். அறுபத்தாறு வயதில் அது சுலபமான காரியமல்ல. உபதலைவி பரிமளம் டீச்சரோ எப்போது வந்தாலும் ஏழாவது படியில்தான் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். மூச்சு வாங்காத நாட்களிலும் நிற்பார்.

மேலே மண்டபத்தில் ஒரு மின்விசிறி. மூன்று இறக்கைகளிலும் மூன்று பெயர்கள். சுழன்றால் பெயர் தெரியாது என்பதால் அதைச் சுழலவிடுவதில்லை. கூட்டத்துக்கு வருகிறவர்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மூன்று பெயர்களையும் ஆறுதலாக வாசிக்கலாம்.

இந்த மன்றத்தில் கலாராணி தற்காலிக எழுதுவினைஞர். கலஹாவிலிருந்து காலை பஸ்ஸில் பேராதனைக்கு வந்து, அங்கே வேறு பஸ் பிடித்து, எட்டரைக்கு மன்றத்தைத் திறப்பாள். கடிதம் அடிப்பது, நூலகப் புத்தகம் கொடுப்பது, தலைவருக்குச் சீனி போடாத தேத்தண்ணி, செயலாளருக்குச் சீனி கூடின தேத்தண்ணி என்று எல்லாம் அவள் பொறுப்பு. தற்காலிகம் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளுக்கு நேர்முகப் பரீட்சை நடக்கும். அவள் ஊற்றிக்கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேட்பார்கள்.

"உங்க பேரு?"

"கலாராணி, சேர்."

"இதுக்கு முந்தி எங்கயாச்சும் வேல செஞ்ச அனுபவம் இருக்கா?"

"இங்கதான், சேர்."

"நல்லது. வெளிய இருங்க. தேவைப்பட்டா கூப்பிடுவோம்."

வெளியே இருப்பாள். தேவைப்படும். உள்ளே போய்த் தனக்கான நீடிப்புக் கடிதத்தைத் தானே அடித்துக் கையெழுத்துக்கு நீட்டுவாள். இப்படி இருபத்துநாலு முறை.

மன்றத்தின் யாப்பு விதிகளில் பதினோராம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எவரையும் ஆறு வருஷத்துக்கு மேல் தற்காலிகமாக வைத்திருக்கக்கூடாது. அதற்குள் நிரந்தரமாக்க வேண்டும், அல்லது வாழ்த்துமடல் வாசித்து அனுப்பிவைக்க வேண்டும். கலாராணியின் ஆறு வருஷம் மே மாதம் முப்பதாம் திகதியோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதென்று செயற்குழு தீர்மானித்தும்விட்டது. நியமனக் கடிதம் அடிக்கவேண்டியதுதான் பாக்கி. அடிப்பதற்குத்தான் ஒன்றுமில்லை.

மன்றத்தின் தட்டச்சுப்பொறி தைப்பொங்கலோடு ஓய்வுபெற்றுவிட்டது. நாற்பது வருடச் சேவையைப் பாராட்டி அதற்குப் பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு, கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று.

"ஒரே ஒரு கடிதத்துக்கு மட்டும் வெளிய எடுக்கவா, சேர்?" என்று கலாராணி கேட்டுப் பார்த்தாள்.

தலைவர், தேசகீர்த்தி, சமூகஜோதி, அகில இலங்கை சமாதான நீதவான் மயில்வாகனம் கண்களை மூடித் திறந்தார். "பிள்ளை, ஓய்வுபெற்ற பெரியவர் ஒருத்தர மறுபடி வேலைக்குக் கூப்பிடுறது மரியாதையா?"

"அப்ப கையால எழுதிக்கவா, சேர்?"

"கையால எழுதினா அது கடிதமில்ல, விண்ணப்பம்," என்றார் ராஜலிங்கம். "கடையில குடுத்து அடிச்சா மன்றத்து ரகசியம் வெளிய போயிரும். புதுக் கம்ப்யூட்டர் வரட்டும். அதுல அடிக்கிற முதல் கடிதமே உங்க கடிதந்தான். உங்களுக்கும் பெருமை, கம்ப்யூட்டருக்கும் பெருமை."

திறப்புவிழா மே இருபத்தொன்பதாம் திகதி என்று அழைப்பிதழும் அச்சாகிவிட்டது.

கணினியை முழுசாக ஒரே கடையில் வாங்கினால் ஒரே ஒரு உபயகாரர்தான் கிடைப்பார். துண்டு துண்டாக வாங்கினால் துண்டுக்கு ஒருவர் கிடைப்பார். பத்து நாள் திருவிழாவைப் பத்துக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்துப் பழகியவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பெட்டி தலைவருடைய உபயம். கணினிக்கு மூளையாகிய புரொசசர் ராஜலிங்கத்தின் உபயம். துபாயிலிருக்கும் மருமகனிடம் சொல்லி எடுப்பித்தார். நினைவகம் பரிமளம் டீச்சர், காலஞ்சென்ற தன் கணவரின் நினைவாக. திரை, விசைப்பலகை, பிரிண்டர் எல்லாம் ஒரே மாலையில் போய்விட்டன. மவுஸுக்கு இருவர் போட்டியிட்டதால் இடது பொத்தானில் ஒருவர் பெயர், வலது பொத்தானில் மற்றவர் பெயர் என்று சமாதானமாயிற்று.

மிஞ்சியது தாய்ப்பலகை. மற்ற உறுப்புகளையெல்லாம் தன்மேல் தாங்கி, ஒன்றோடொன்று பேசவைக்கிற பலகை அது. அதை எடுக்க ஒருவரும் முன்வரவில்லை.

"மத்தவங்க குடுத்ததெல்லாம் அது மேலதான் வந்து உக்காருமாமே?" என்று கேட்டார் டீச்சர். அந்தக் கேள்வியோடு தாய்ப்பலகையின் மதிப்புப் போய்விட்டது. கடைசியில், "பொது நிதியில் ஒரு பலகை, மற்றவற்றோடு பொருந்தக்கூடியதாகப் பார்த்து வாங்குக" என்று கலாராணியிடம் விட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் வாங்கிப் பெயரும் பொறித்த பிறகு, பொருத்தம் பார்க்கிற வேலை அவளுக்கு.

உறுப்புகளை ஒரு பிரசாதப் பையில் போட்டுக்கொண்டு அவள் ஊருக்குள் அலைந்தாள். மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கத்துக் கடையில் பையைத் திறந்து பார்த்துவிட்டு, முதலாளி நாளைக்கு வருவார் என்றார்கள். அடுத்த கடைக்காரர் பையைத் திறந்தார், மூடினார், "பே மிஸ், பே," முடியாது என்று சிங்களத்தில் சொல்லிக் கைகூப்பினார். மூன்றாவது, சந்தைக்குப் பின்னால் மாடியிலிருந்த அஸ்ஃபர் நானாவின் கடை. தகப்பனார் ரேடியோ திருத்திய இடத்தில் மகன் கணினி திருத்துகிறார். அவர் மட்டும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் பரப்பினார்.

புரொசசரின் முதுகில் பொன்னெழுத்து மின்னியது: திரு. ராஜலிங்கம், ஜே.பி. நினைவகத் தகடுகளைப் பார்த்ததும் அஸ்ஃபர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"தங்கச்சி, இது என்ன பூசிக் கெடக்கு?"

"சந்தனமும் குங்குமமும், நானா. புதுச் சாமானில்லையா. டீச்சர் கோயில்ல வச்சு எடுத்தாங்க."

"பொட்டு வைக்கிறது சரி. கரண்ட் பாயிற பல்லுலயா வைக்கணும்?" துணியை எடுத்துத் துடைத்தார். "சரி, அத நான் பாத்துக்கிறன். பெரிய சிக்கல் வேற. இந்த மூளை புதுசு. இதுக்குப் பொருந்துற மதர்போர்ட்ல டிடிஆர் அஞ்சு நினைவகந்தான் ஏறும். டீச்சர் தந்தது டிடிஆர் நாலு. கீழ ஈக்கிற வெட்டப் பாருங்க, இது ஒரு எடத்துல, அது ஒரு எடத்துல. அமத்தினா ஒடையும்."

"ரெண்டுக்கும் பொருந்துற மாதிரி ஒரு போர்ட்?"

"மூளை உக்காருற பலகைல நினைவகம் ஏறாது. நினைவகம் ஏறுற பலகைல மூளை உக்காராது. ரெண்டுக்கும் சேத்து ஒன்னு, இதெல்லாம் செய்யிற தைவானுக்குப் போய்த் தேடினாலும் கெடைக்காது. ஆனா இதொன்னும் பெரிய விசயமில்ல தங்கச்சி. ரெண்டு பேர்ல ஒருத்தர மாத்திக்கச் சொல்லுங்க. லேசான வேல."

கலாராணிக்கு ஏழாவது படி ஞாபகத்துக்கு வந்தது. ஃபோனை எடுத்துத் தலைவர் செய்வித்த கண்ணாடிப் பெட்டியின் படத்தைக் காட்டினாள்.

அஸ்ஃபர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "பலகை பூட்ட ஒரு ஆணித் துவாரமும் இல்லையே. எங்க செஞ்சது?"

"கட்டுகஸ்தோட்டையில. எங்க மன்றத்துக்குக் கீழ இருக்கிற பேக்கரிக்கு ஷோகேஸ் செஞ்சு குடுத்தவங்கதான்."

"அதான் பாத்தன். ரோல்ஸ் வைக்க நல்லம்."

விஷயம் செயற்குழுவுக்குப் போனது. அஸ்ஃபரைத் தொழில்நுட்ப விருந்தினராக அழைத்தார்கள். வரவேற்புரை இருபத்தைந்து நிமிஷம், பொன்னாடை ஐந்து நிமிஷம். பொன்னாடைக்குள் வேர்த்தபடி அவர் விஷயத்தை விளக்க இரண்டு நிமிஷம் பிடித்தது. மேலே மின்விசிறி மூன்று பெயர்களோடு அசையாமல் நின்றது.

ராஜலிங்கம் இரும்புக்கடைக்காரர். "வெட்டு எடம் மாறி இருக்குன்னா ராவிட்டுப் போங்களேன். எங்கிட்ட அரம் மூணு சைஸ்ல இருக்கு."

"எங்க வீட்டுக்காரர் நினைவா குடுத்தத ராவுறதா?" என்று எழுந்தார் பரிமளம் டீச்சர். "செயலாளர் மூளைய மாத்தட்டும்."

"யாரு மூளைய?"

"நீங்க குடுத்த மூளையத்தான் சொன்னேன். வேற எதையும் நான் சொல்லல. சொல்லணும்னா தனிக் கூட்டம் போடணும்."

"என் பேரு துபாயில பொறிச்சது, டீச்சர். ஒங்களுத மாதிரி சந்தைல பொறிச்சதில்ல."

அஸ்ஃபர் தொண்டையைச் செருமினார். "ஐயா, அந்தப் பேருக்கு மேல ஒரு காத்தாடியும் வைக்கணும். மூளை சூடாகும்."

"எம் பேரு மேலயா?"

"வைக்காட்டி பத்து செக்கன்ல அணைஞ்சிரும்."

"பத்து செக்கன் போதுமே. ஃபோட்டோ எடுத்துரலாம்."

சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அதை அடக்கத் தலைவர் மயில்வாகனம் எழுந்தார். அவர் எழுந்தால் கலாராணி தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கலாம். கொதித்து, ஊற்றி, கொடுத்து முடிக்க நேரம் இருக்கும்.

"நான் நாப்பது வருஷமா சபைகள் நடத்துறவன். இந்தச் செயற்குழுவுல இருபத்தொரு பேர் இருக்கோம். யாருக்கு யார் பொருத்தம், சொல்லுங்க? செயலாளருக்கும் உபதலைவிக்கும் பேச்சு வார்த்த இல்ல. பொருளாளர் எம்மேல வழக்குப் போட்டிருக்காரு. நூலகப் பொறுப்பாளருக்கு வாசிக்கிற பழக்கம் கெடையாது. இருந்தும் மன்றம் நடக்குதா, இல்லையா? அப்பிடியிருக்க, இத்துனூண்டு பலகைக்கு மட்டும் என்ன இவ்வளவு தலைக்கனம்?"

பலத்த கைதட்டல். நூலகப் பொறுப்பாளர்தான் அதிகம் தட்டினார்.

"மன்றம் நடக்குதுதான் ஐயா," என்றார் அஸ்ஃபர் பணிவாக. "என்ன வேல நடக்குது?"

"விழா நடக்குது," என்றார் தலைவர்.

பொருந்தும் பலகை ஒன்றை உடனே தயாரித்து அனுப்பும்படி தைவானுக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதுவதென்று தீர்மானமாயிற்று. வெளிநாட்டுக் கடிதத்தைக் கையால் எழுதக்கூடாது. அடிக்கக் கணினி வேண்டும். கணினிக்குப் பலகை வேண்டும். பலகைக்குக் கடிதம் வேண்டும். இந்த இடத்தில் கலாராணி கையை உயர்த்தினாள்.

"தலைவர் மன்னிக்கணும், ஒரு விசயம்..."

"பிள்ளை, தற்காலிக ஊழியர் சபையில பேசக்கூடாதுன்னு யாப்பு சொல்லுது. நிரந்தரமானதும் தாராளமாப் பேசுங்க."

கலாராணி கையை இறக்கிக்கொண்டு பேனாவை எடுத்தாள். முப்பதாம் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள்.

கடைசியில் தலைவர் மணியைத் தட்டினார். "எப்பிடிச் செய்வீங்களோ எனக்குத் தெரியாது. குறிச்சுக்கங்க. ஒண்ணு, உபயகாரர் பேரெல்லாம் பெட்டிக்குள்ள பளிச்சுன்னு தெரியணும். ரெண்டு, யாரு குடுத்ததும் மாறக்கூடாது. மூணு, கம்ப்யூட்டர் ஓடணும். கூட்டம் நிறைவுபெறுகிறது."

அன்று மாலை பேராதனை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கலாராணி கூட்டக் குறிப்பை எடுத்து மூன்று தரம் வாசித்தாள். பேர் தெரிய வேண்டும். பொருள் மாறக்கூடாது. கணினி ஓட வேண்டும். மூன்றும் தெளிவாக இருந்தன. பெட்டிக்குள் தெரியவேண்டியது பெயர்கள் என்று இருந்தது. கணினியும் அதே பெட்டிக்குள்தான் ஓடவேண்டும் என்று எங்கேயும் இல்லை. அவளுக்கு ஏனோ கண்ணாடி அலுமாரிக்குள் பொன்னாடையோடு இருக்கும் தட்டச்சுப்பொறி நினைவுக்கு வந்தது. பஸ் பேராதனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அஸ்ஃபருக்கு ஃபோன் போட்டாள்.

"நானா, சின்னதா, பழசா, நல்லா ஓடுற ஒன்னு இருக்கா?"

இருந்தது. கம்பளைப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் எட்டு வருஷம் மருந்துப்பட்டியல் அடித்து ஓய்ந்த கணினி. பெரிய டிபன் பெட்டி அளவுதான். அதன் மூளையும் நினைவகமும் பலகையும் ஒரே கம்பனிக்காரன் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் செய்தவை. யார் பெயரும் அதில் இல்லை. மன்றம் தாய்ப்பலகைக்கென்று ஒதுக்கிய பணம் அதற்குப் போதுமாக இருந்தது. அஸ்ஃபர் பொய் எழுதுகிற ஆளில்லை. பற்றுச்சீட்டில், "தாய்ப்பலகை ஒன்று, அதற்குப் பொருந்தும் சாமான்களுடன்" என்று எழுதிக் கொடுத்தார். செயற்குழு அதை வாசித்து, பொருந்தும் பலகை கிடைத்துவிட்டதென்று தைவானுக்கான கண்டனத்தை வாபஸ் வாங்கியது.

பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட் துணி விரித்தார்கள். நடுவில் ராஜலிங்கத்தின் மூளை, பெயர் மேலே பார்க்க. இருபுறமும் டீச்சரின் கணவர் நினைவாக இரண்டு தகடுகள், புதிதாகச் சந்தனப் பொட்டோடு. சுற்றிவர நிறம் மாறும் குட்டி விளக்குகள்.

"அழகா ஈக்கு," என்றார் அஸ்ஃபர், பின்னால் நகர்ந்து பார்த்து. "ஒன்னும் செய்யாது, ஆனா அழகா ஈக்கு."

"எங்க ஆட்களுக்குப் பிடிக்கும்," என்றாள் கலாராணி. டிபன் பெட்டியை மேசைக்கடியில் வைத்து, மேசைவிரிப்பைத் தரைவரை இழுத்துவிட்டாள்.

இருபத்தொன்பதாம் திகதி மண்டபம் நிறைந்திருந்தது. மங்கள விளக்கேற்றினார்கள். கணினிக்கு மாலை போட்டார்கள். பிறகு பொன்னாடை போர்த்தினார்கள். பெட்டிக்குள் நிஜமாக ஒரு கணினி இருந்திருந்தால் அந்தப் பொன்னாடையின் சூட்டிலேயே மூச்சு முட்டியிருக்கும். பெயர்கள் மறைகின்றன என்று பெட்டியிலும் பெட்டிக்குள்ளும் பெயர் இருந்த மூன்று உபயகாரர்களும் ஒரே நேரத்தில் கத்தியதால் பொன்னாடையை உடனே எடுத்தார்கள். ராஜலிங்கமும் பரிமளம் டீச்சரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

தலைவர் பேசினார். "உலகத்தில் எத்தனையோ கணினிகள் உண்டு. அவற்றுக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா? நமது கணினிக்குள்ளே நாம் இருக்கிறோம்! நம்மால் அது இயங்கப்போகிறது!"

அவர் பெட்டியின் பித்தளைச் சுவிட்சை அழுத்தினார். விளக்குகள் பச்சை, நீலம், சிவப்பு என்று ஓடின. அதே கணம் கலாராணி மேசைவிரிப்புக்குள் செருப்பைக் கழற்றி, பெருவிரலால் ஒரு சின்னப் பொத்தானை அழுத்தினாள். திரை ஒளிர்ந்தது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

"பாத்தீங்களா," என்று ராஜலிங்கம் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார், "காத்தாடியில்லாமலே ஓடுது. துபாய்ச் சாமான்."

"நினைவகம் நல்லதா இருந்தா மூளை எப்பிடி இருந்தாலும் ஓடும்," என்றார் டீச்சர், சபைக்குப் பொதுவாக.

உபயப் பொருட்கள் களவு போகாமலிருக்கப் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தலைவர் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், எக்காரணம் கொண்டும் எவரும் திறக்கக்கூடாது என்று அங்கேயே ஒரு தீர்மானமும் நிறைவேறியது. கலாராணி அதைக் கூட்டக் குறிப்பில் வெகு தெளிவான கையெழுத்தில் எழுதினாள்.

கூட்டம் வடையை நோக்கிக் கலைந்ததும் அவள் கணினி முன் உட்கார்ந்தாள். முதல் கடிதம். ராஜலிங்கம் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல அடித்தாள். பெயர், பதவி, கடமைகள், தேத்தண்ணி. கையெழுத்துக்கு வரும் இடத்தில் அவர் நிறுத்திக் காதைச் சொறிந்தார். நிரந்தரம் என்ற சொல் திரையில் அவ்வளவு நிரந்தரமாகத் தெரிந்தது அவருக்கு என்னவோ செய்தது.

"ஒரு வரி சேத்துக்கங்க. நாளைக்குக் கம்ப்யூட்டர் ஒடஞ்சு போச்சுன்னா எழுதுவினைஞருக்கு என்ன வேல இருக்கு? அதனால... 'கணினி பழுதுபடும் நாள்வரை இந்நியமனம் செல்லும்.' போடுங்க."

கலாராணியின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன. ஒரு மூச்சு விட்டு யோசித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எந்தக் கம்ப்யூட்டர்னு தெளிவாப் போட்டுருவமா, சேர்? பின்னால குழப்பம் வரக்கூடாது பாருங்க."

"நல்ல யோசன. 'தலைவரின் உபயமான கண்ணாடிப் பெட்டிக்குள், உபயகாரர்களின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும் கணினி' அப்பிடின்னு போடுங்க."

போட்டாள். பிரிண்டர் கடிதத்தைத் துப்பியது. தலைவர் கையில் வடையெண்ணெயோடு கையெழுத்திட்டார். செயலாளர் முத்திரை குத்தினார். எண்ணெய்க்கு மேலேயே முத்திரை விழுந்தது.

மண்டபத்தைப் பூட்டிவிட்டுப் படியிறங்கும்போது அஸ்ஃபரின் ஃபோன் வந்தது.

"என்ன தங்கச்சி, கெடச்சிச்சா?"

கலாராணி கடிதத்தைப் பிரித்து அந்தக் கடைசி வரியை வாசித்துக் காட்டினாள்.

"அந்தப் பெட்டிக்குள்ள ஈக்கிறது," என்றார் அஸ்ஃபர், ஒவ்வொரு சொல்லாக, "பழுதாகிற வரைக்கும்?"

"ஆமா, நானா."

"யா அல்லாஹ்! ஓடினாத்தானே பழுதாகும்! நீங்க உலகம் அழியிற கியாமத்து நாள் வரைக்கும் பேர்மனன்ட்!"

அவருடைய சிரிப்பு கடைக்குள் எதிரொலிப்பது ஃபோனில் கேட்டது. கலாராணி கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள். ஏழாவது படி வந்ததும் நின்றாள். பேராதனை பஸ்ஸுக்கு நேரமிருந்தது. அவளுக்கு மூச்சு வாங்கவுமில்லை.